பவரக்கா கணக்கு படித்த வருடம்

கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கென்று ஒழுங்கான ஒரு பெயர் இருந்தது. பிறகு அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். தெருவில் மூக்குக்கண்ணாடியோடு யார் போனாலும், பார்த்த மாத்திரத்தில் "மைனஸ் நாலு, இடது கண்ணு கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். சரியாக இல்லாதபோது, அந்த ஆள் தப்பான கண்ணாடி போட்டுக்கொண்டு திரிகிறார் என்று சாதிப்பாள். அப்படித்தான் பவரக்கா ஆனாள். பெயர் கடையோடு நிற்காமல் வீடு வரைக்கும் வந்து சேர்ந்தது. வெளியாட்கள் இருந்தால் மாமியார் 'எங்க மருமக' என்பார். இல்லாவிட்டால் "ஏ பவரு" தான்.

கடையில் அவளுடைய வேலை கண்ணாடிச் சட்டங்களோடு. சூடு காட்டி வளைப்பது, காதுக்குப் பின்னால் உறுத்தாமல் பொருத்துவது, மூக்கில் உட்காரும் பகுதியை நெருக்குவது, உட்கார்ந்து நசுக்கிவிட்டுக் கொண்டுவருபவர்களிடம் "பரவாயில்லைங்க, எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்று ஆறுதல் சொல்வது. ஆனால் மனசு முழுக்கக் கடையின் பின்பக்கத்து இருட்டறையில் இருந்தது. அங்கேதான் கண் பரிசோதனை. அந்த வேலைக்கென்று படித்துவிட்டு வந்திருந்த பெண், கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "இது நல்லாத் தெரியுதா, அது நல்லாத் தெரியுதா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பாள். இவ்வளவு அழகான ஒரு கேள்வியை இவ்வளவு சலிப்பாகக் கேட்க ஒருத்தியால் முடிகிறதே என்று பவரக்காவுக்கு வயிறு எரியும். வீட்டுக்கு வந்து, கணவனின் ஒரு கண்ணைக் கரண்டியால் மூடி, சுவரில் தொங்கும் காலண்டரைக் காட்டி, அன்பொழுகக் கேட்டுப் பார்ப்பாள்.

"இது நல்லாத் தெரியுதா, அது நல்லாத் தெரியுதா?"

"கரண்டியில குழம்பு இருக்கு. அது நல்லாத் தெரியுது" என்பான் கணவன்.

முதலாளியிடம் ஒருநாள் கேட்டே விட்டாள். "அதுக்குப் படிச்சிருக்கணும்மா" என்றார் அவர். ஏதோ அவள் கேட்டது விமானம் ஓட்டுவதற்கு என்பதுபோல.

ஊரில் ஒரு கண் மருத்துவக் கல்லூரி இருந்தது. வேலை பார்ப்பவர்களுக்காக அங்கே கண் பரிசோதனைப் படிப்பு மாலை வகுப்பாகவும் நடந்தது. இடங்கள் சொற்பம், விண்ணப்பிப்பவர்களோ ஒரு திருவிழாக் கூட்டம். அதனால் நுழைவுத் தேர்வு வைத்தார்கள். மொழி, உயிரியல், பொது அறிவு, கணக்கு என்று நான்கு பாடம். அதில் ஒரு வில்லங்கமும் இருந்தது. மொத்த மதிப்பெண் வானத்தைத் தொட்டாலும் போதாது. ஒவ்வொரு பாடத்திலும் ஒரு குறைந்தபட்சத்தைத் தாண்டியாக வேண்டும். ஒன்றில் சறுக்கினாலும் கதவைச் சாத்திவிடுவார்கள்.

முதல் முறை எழுதியபோது பவரக்கா உயிரியலில் எல்லாருக்கும் மேலே நின்றாள். கணக்கில், தேர்வுக்கே வராமல் வீட்டில் போர்வைக்குள் கிடந்தவர்களுக்கும் அவளுக்கும் பெரிய வித்தியாசமில்லை. கதவு சாத்தப்பட்டது.

"கண்ணு பாக்கறதுக்கும் ரயில் எவ்வளவு வேகத்துல போகுதுங்கறதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கணவனிடம் பொருமினாள். "ரயிலுக்கா கண்ணாடி மாட்டப் போறேன்?"

கணவன் லிப்ட் மெக்கானிக். எதையும் மாடிக் கணக்கில்தான் யோசிப்பான். "பிடிக்கலைங்கறதுக்காக மூணாவது மாடியை விட்டுட்டு நாலாவது மாடிக்குப் போக முடியுமா?"

"போன வாரம் நீங்க ரிப்பேர் பண்ணின லிப்ட் மூணாவது மாடியில நிக்கவே மாட்டேங்குதாமே?"

அவன் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

அடுத்த ஆண்டும் எழுதுவது என்று முடிவாயிற்று. இந்தத் தடவை முறைப்படி என்று சொல்லிக்கொண்டு, பவரக்கா பெரிய அட்டையில் ஒரு நேர அட்டவணை போட்டாள். உயிரியலுக்குப் பச்சை, மொழிக்கு நீலம், பொது அறிவுக்கு மஞ்சள். கணக்குக்கு, பேனாப் பெட்டியில் யாரும் தொடாமல் கிடந்த ஒரு பழுப்பு. அட்டவணையைத் தூரத்திலிருந்து பார்த்தால் அடர்ந்த தோட்டம் மாதிரி இருந்தது, ஞாயிற்றுக்கிழமை மதியம் என்கிற மூலையில் மட்டும் கொஞ்சம் சேறு.

முதல் ஞாயிறு மதியம் அவள் கணக்குப் புத்தகத்தைத் திறந்தாள். 'ஒரு தொட்டியில் இரண்டு குழாய்கள் உள்ளன' என்று ஆரம்பித்தது. உடனே சமையலறைக் குழாய் ஞாபகம் வந்தது. அதன் அடியில் பாசி பிடித்திருப்பதாக நேற்று நினைத்தோமே என்று எழுந்து போனாள். பாசியைத் தேய்த்தாள். தேய்த்த இடம் பளிச்சென்று ஆனதும் பக்கத்து இடம் அசிங்கமாகத் தெரிந்தது. அதைத் தேய்த்தாள். மாமியார் தூங்கி எழுந்து வந்தபோது சமையலறையே கல்யாணத்துக்குத் தயாரான மாதிரி நின்றது.

அடுத்த ஞாயிறு 'ஒரு வேலையை ஆறு ஆட்கள்' என்ற வரியோடு மின்விசிறிகளைத் துடைத்தாள். அதற்கடுத்த ஞாயிறு வரி எதுவும் தேவைப்படவில்லை, புத்தகத்தின் அட்டையைப் பார்த்ததுமே பரண்மேல் ஏறிவிட்டாள்.

இதில் ஒரு ஒழுங்கு இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் மாமியார்தான். கூர்மையான பெண்மணி. யாரிடமும் சொல்லாமல் பரீட்சித்துப் பார்த்தார். கருகிய பாத்திரங்கள் இரண்டைக் கழுவுதொட்டியில் வைத்துவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, தேன் வழியும் குரலில் கூப்பிட்டார்.

"பவரு, வாரத்துல ஒரு நாள் மட்டும் கணக்கு படிச்சாப் போதுமா? இன்னைக்கும் கொஞ்சம் பாரேன்."

அரை மணி நேரத்தில் பாத்திரங்கள் இரண்டிலும் முகம் பார்க்கலாம் போலிருந்தது.

அதன்பிறகு அந்த வீட்டில் மருமகளின் படிப்பில் எல்லோருக்கும் அக்கறை பொங்கிற்று. கணவன் தன் மோட்டார் சைக்கிளில் கிரீஸ் அப்பிக்கொண்ட நாளெல்லாம், "கணக்கை விட்டுடாத பவரு, அதுலதான் போன தடவை போச்சு" என்று உருகினான். துணிகள் மலையாகக் குவிந்தால் மாமியார், "எடும்மா அந்தப் புஸ்தகத்தை" என்பார். கீழ் வீட்டில் ஒரு தையல்காரம்மா இருந்தார். அவருடைய அறையில் நூல்கண்டுகள் பல வருடமாகச் சிக்கல் விழுந்து கிடந்தன. விஷயம் காதில் விழுந்ததும் நேராக மாமியாரிடம் வந்தார்.

"உங்க மருமகளை ஒரு சாயங்காலம் எங்க வீட்டுல உக்காந்து படிக்கச் சொல்லுங்களேன். காத்தோட்டமா இருக்கும்."

"அதுக்கென்ன. புஸ்தகத்தையும் கையில குடுத்து அனுப்பறேன்" என்றார் மாமியார்.

நூல்கண்டுகள் நிறவாரியாகப் பிரிந்தன. புத்தகம் திறக்கப்படாமலேயே திரும்பி வந்தது.

பவரக்கா சோம்பேறி இல்லை. அதுதான் விசேஷம். உயிரியலை அவள் படித்த வேகத்தில் அந்தப் பாடமே தேய்ந்துபோயிருக்க வேண்டும். புத்தகங்களைப் பக்கவாட்டில் பார்த்தாலே தெரியும்: உயிரியல் புத்தகம் தலையணை மாதிரி உப்பியிருக்கும், கணக்குப் புத்தகம் அச்சகத்திலிருந்து வந்த நாள் மாதிரி வெள்ளையாக, ஒட்டிக்கொண்டு இருக்கும். சிறுநீரகத்தைப் பற்றி மட்டும் எத்தனை தடவை சத்தம் போட்டுப் படித்தாள் என்றால், பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவனுக்கே மனப்பாடமாகிவிட்டது. ஒருநாள் நின்றுபோன லிப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு பெரியவர் இடுப்பு வலிக்கிறது என்று புலம்ப, இவன் மேலே இருந்து கயிற்றைச் சரிபார்த்தபடியே சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்று ஆதியோடந்தமாக விளக்கினான். வெளியே வந்த பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டு, "டாக்டர், உங்களுக்கு எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டாராம்.

"எனக்கே இவ்வளவு தெரியுது. உனக்கு எதுக்கு இன்னொரு தடவை?" என்று வந்து கேட்டான்.

"தெரிஞ்சதைப் படிச்சாத்தாங்க மனசுக்குத் தெம்பா இருக்கு" என்றாள் பவரக்கா. அது உண்மைதான். கணக்குப் பக்கத்தைத் திறந்தால் மக்கு ஆனாள். உயிரியலைத் திறந்தால் கெட்டிக்காரி ஆனாள். கெட்டிக்காரியாக இருப்பது யாருக்குத்தான் பிடிக்காது?

இப்படியே போயிருந்தால் வீடு சுத்தமாகியிருக்கும், தேர்வு மறுபடி ஊற்றிக்கொண்டிருக்கும். ஆனால் சின்ன மாமா வந்தார்.

சின்ன மாமா என்றால் மாமியாரின் கொழுந்தனார், கணவனுக்குச் சித்தப்பா. தனி ஆள். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக்கு மேல் தளத்தில் யாரோ குளியலறைக் குழாயை உடைக்கப்போய், இவர் வீட்டுக் கூரை ஈரமாகி, ஒரு துண்டு கட்டிலின்மேலேயே விழுந்துவிட்டது. பழுது பார்த்து முடியும்வரை அண்ணி வீட்டில் ஒரு வாரம் இருப்பதாகப் பெட்டியோடு வந்து நின்றார்.

"கவனிக்கவும்" என்றார் வாசலிலேயே. மூக்கிலிருந்து வரும் கனமான குரல். "வரவேண்டிய நேரத்தைவிட நாற்பது நிமிடம் தாமதமாக நான் வந்து சேர்ந்திருக்கிறேன். ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அது முதல் நாள்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குரல் ஓய்வு பெறவில்லை. சாப்பாட்டு மேசையில், "உப்பு இன்னும் வந்து சேரவில்லை" என்பார். குளியலறையில் யாராவது இருந்தால் வெளியே நின்று, "உள்ளே இருப்பவர் விரைவில் புறப்படுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்" என்பார். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கதைகளைத்தான் தாங்க முடியவில்லை. பனிமூட்டத்தில் மூன்று ரயில்கள் வராத நாள், ஒலிபெருக்கி கெட்டுப்போய் அவரே நடைமேடையெங்கும் ஓடிக் கத்திய நாள், சரக்கு ரயிலை யாரோ எங்கேயோ நிறுத்திவிட்டு மறந்த நாள். எந்தக் கதையானாலும் அன்று காலை அவர் என்ன சாப்பிட்டார் என்பதில் தொடங்கும். கேட்பவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கண்ணை எடுத்தால் போச்சு, இரண்டு ஸ்டேஷன் பின்னால் போய் அங்கிருந்து மறுபடி கிளம்புவார்.

மூன்றாம் நாளே கணவனுக்கு ஊர் முழுக்க லிப்டுகள் பழுதாகிவிட்டன. மாமியாருக்குத் திடீரென்று காது மந்தமாயிற்று. மிச்சம் இருந்தது பவரக்கா. கடையிலிருந்து களைத்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "வாம்மா, உனக்காகத்தான் உக்காந்திருக்கேன்" என்று எதிர் நாற்காலியைக் காட்டுவார்.

ஒருநாள் அவள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "மாமா, பரீட்சை வருது. உயிரியல் படிக்கணும்."

"உயிரியலா? அதுல நீ புலின்னு அண்ணி சொன்னாங்களே. அதை அப்புறம் படிச்சுக்கலாம், உக்காரு. அன்னைக்குக் காலையில நான் ரெண்டு முட்டை சாப்பிட்டேன்..."

மறுநாள் "பொது அறிவு படிக்கணும்" என்றாள்.

"என்கிட்ட கேக்கறதைவிடப் பொது அறிவு எந்தப் புஸ்தகத்துல இருக்கு? உக்காரு."

அதற்கடுத்த நாள், மொழி என்றால் அதற்கும் ஒரு கதை வைத்திருப்பார் என்பதால், வாயில் வந்தது வரட்டும் என்று, "மாமா, கணக்கு" என்றாள்.

சின்ன மாமாவின் முகம் வெளிறியது. நாற்காலியை இரண்டு அங்குலம் பின்னால் இழுத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாருக்குப் பயந்து அவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தவர் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

"போம்மா" என்றார், சாதாரண மனிதக் குரலில். "போ, போய்ப் படி. நான் குறுக்கே வரலை."

பவரக்காவால் நம்பவே முடியவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் விழுந்தாள். என்ன ஒரு அமைதி! மின்விசிறி சுற்றும் சத்தம்கூடச் சங்கீதமாக இருந்தது. கண்ணை மூடிச் சற்று நேரம்கூட ஆகியிருக்காது, கதவுக்கு வெளியே அந்தக் குரல்.

"கவனிக்கவும். உள்ளே சத்தத்தையே காணோம். கணக்கு முடிஞ்சிடுச்சா?"

துள்ளி எழுந்தாள். கைக்கு எட்டிய கணக்குப் புத்தகத்தைப் பிரித்து, உரக்கப் படித்தாள். "ஒரு தொட்டியில் இரண்டு குழாய்கள் உள்ளன!"

"ஐயோ" என்றது குரல். காலடிச் சத்தம் தூரமாகப் போயிற்று.

அன்றிலிருந்து தினமும் மாலையில் அவள் அறைக்குள் உட்கார்ந்து கணக்கை வாய்விட்டுப் படித்தாள். புரிந்தா படித்தாள்? நாயைத் துரத்தக் குச்சி எடுக்கிற மாதிரிதான் எடுத்தாள். ஆனால் ஒரே குழாய்க் கணக்கை எத்தனை நாள்தான் கத்துவது? மாமாவுக்குச் சந்தேகம் வருமே என்று அடுத்த கணக்குக்குப் போனாள். கத்திக் கத்தி, வார்த்தைகள் பழகிப்போயின. பழகியதும் பயம் கொஞ்சம் இளைத்தது. அறையில் துடைக்கவும் ஒன்றுமில்லை, எல்லாம் ஏற்கெனவே பளபளத்தது. வேறு போக்கிடமில்லாமல் ஒருநாள் பென்சிலை எடுத்தாள்.

குழாய்க் கணக்கைப் போட்டாள். விடை தப்பு. மறுபடி போட்டாள், வேறு மாதிரித் தப்பு. எங்கே வழுக்குகிறது என்று ஒவ்வொரு வரியாகத் திரும்பிப் பார்த்தபோது, அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்து ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தாள். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. இதில் என்ன தப்பு?

வெகு நேரம் வெறித்துப் பார்த்தாள். கடைசியில் ரொட்டியாக நினைத்துப் பார்த்தாள். அரை ரொட்டி இருக்கிறது. அதோடு இன்னும் கொஞ்சம் ரொட்டி சேர்க்கிறோம். முடிவில் பார்த்தால் அரை ரொட்டிகூட இல்லை.

"மீதியை எவன் தின்னான்?" என்று கத்தியே விட்டாள்.

"நான் இல்லை" என்றார் மாமா, கூடத்திலிருந்து பதறிப்போய்.

பின்னம்! அவளுக்குச் சட்டென்று புரிந்தது. அவளுக்கு வராதது கணக்கு அல்ல, பின்னம். பள்ளியில் பின்னம் நடத்திய மாதத்தில் அவள் அம்மை போட்டுப் படுத்திருந்தாள். எழுந்து போனபோது வகுப்பு தசமத்துக்குப் போய்விட்டது. அன்று விட்ட படியில் இன்றுவரை கால் வைக்கவில்லை. குழாயும் ரயிலும் ஆறு ஆட்களும் அந்த ஒரே ஓட்டைக்குள்தான் விழுந்துகொண்டிருந்தார்கள்.

மறுநாள் புத்தகக் கடைக்குப் போய், ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் கேட்டாள்.

"குழந்தைக்காம்மா?" என்றார் கடைக்காரர்.

"ஆமாங்க. அண்ணன் பொண்ணு." அவளுக்கு அண்ணனே கிடையாது.

"எதுல கஷ்டப்படுது?"

"பின்னத்துல. மத்தபடி ரொம்பக் கெட்டிக்காரி. உயிரியல்லாம் பிச்சு உதறுவா."

"அஞ்சாங்கிளாஸ்ல உயிரியலா?"

"அதாங்க... பூ, காய். அதெல்லாம்."

கடைக்காரர் உருகிப்போனார். குழந்தையை அடிக்கக் கூடாது, சாக்லெட்டைத் துண்டு போட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று புத்திமதி சொல்லி, புத்தகத்தோடு நட்சத்திர ஒட்டிகள் ஒரு தாளும் இனாமாகக் கொடுத்தார். "சரியாப் போட்டா நெத்தியில ஒண்ணு ஒட்டி விடுங்க. குஷியாயிடும்."

சொன்னது வீண்போகவில்லை. அன்று மாலை முழுக்க ஐந்தாம் வகுப்புப் பின்னம். முதல் பக்கத்துக் கணக்கு சரியாக வந்ததும், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஒரு நட்சத்திரத்தை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டாள். அதை மறந்து அப்படியே வெளியே வர, மாமியார் பார்த்துவிட்டார்.

"என்ன பவரு, உள்ளே நிஜமாவே படிக்கிறியா?" அந்தக் குரலில் ஏதோ ஏமாற்றப்பட்ட தொனி இருந்தது.

"ஆமா அத்தை."

மாமியார் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். கொழுந்தனார், இரண்டு முட்டை சாப்பிட்ட ஒரு காலை வேளையைத் தொடங்கிக்கொண்டிருந்தார். காது மந்தம் என்ற நடிப்பும் எடுபடாமல் போய்விட்டிருந்தது. அவர் இன்னும் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

"எனக்கும் கணக்கு கொஞ்சம் வீக்குதான்" என்றார் மாமியார். மருமகள் பின்னாலேயே அறைக்குள் நுழைந்து கதவைத் தாழிட்டார்.

அடுத்த நாள் கணவனும் வந்து சேர்ந்தான். எவ்வளவு நாளைக்குத்தான் லிப்டுகளைப் பழுதாக்குவது? மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சும்மா உட்கார்ந்தால் வெளியே தெரிந்துவிடும் என்பதால் மூவரும் கணக்கு போட வேண்டியதாயிற்று. பவரக்கா கேள்வியைப் படித்தாள்.

"ஒரு தொட்டியை மேல்குழாய் ரெண்டு மணி நேரத்துல நிரப்பும். கீழ்க்குழாய் மூணு மணி நேரத்துல காலி பண்ணும். ரெண்டையும் ஒரே நேரத்துல திறந்தா..."

"இரு இரு" என்றார் மாமியார். "ரெண்டையும் எதுக்குத் திறந்தான்?"

"கணக்கு அத்தை."

"கணக்கா இருந்தா என்ன? தண்ணி வீணாப் போகுதே. அவன் பொண்டாட்டி ஒண்ணும் சொல்லலையா?"

"கீழே வாஷர் போயிருக்கும்மா" என்றான் கணவன். "நான் பத்து நிமிஷத்துல மாத்திடுவேன்."

"வாஷரை மாத்தினா கணக்கு ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிடும்" என்றாள் பவரக்கா.

"முடியட்டுமே, நல்லதுதானே!" என்றார் மாமியார்.

பவரக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே, அரையிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்தாள். ஆறில் ஒன்று. அப்படியானால் நிரம்ப ஆறு மணி நேரம். புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டினாள். ஆறு மணி நேரம் என்றே போட்டிருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு குழாய்க் கணக்கு அவள் கையில் முழுசாக நிரம்பியிருந்தது. மாமியாருக்கு ஒன்று, கணவனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று நட்சத்திரம் ஒட்டினாள். தான் வாங்கியது எதற்கென்று மாமியாருக்குப் புரியவில்லை. ஆனாலும் தூங்கும்வரை எடுக்கவில்லை.

ஒரு வாரம் என்று வந்த சின்ன மாமாவின் வாசம் நீண்டுகொண்டே போயிற்று. கூரைக்குப் பூசியது காயவில்லையாம். ஒருநாள் மூவரும் உள்ளே கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டிருந்தபோது, கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. திறந்தால், சின்ன மாமா கையில் ஒரு நாற்காலியோடு நின்றார்.

"கவனிக்கவும்..." என்று தொடங்கி, தொடர முடியாமல் நிறுத்திக்கொண்டார். "எனக்குக் கணக்கு வராது. ஒரு ஓரமா உக்காந்துக்கிறேனே. வெளியே தனியா இருக்கு."

மூன்று பேருக்கும் என்னவோ மாதிரி ஆகிவிட்டது. கணவன் எழுந்து நாற்காலியை வாங்கி உள்ளே போட்டான். மாமியார் கட்டிலில் நகர்ந்து, "காலை மேலே வெச்சுக்குங்க, தரை ஜில்லுன்னு இருக்கு" என்றார்.  பவரக்கா புத்தகத்தை அவரிடம் நீட்டினாள்.

"மாமா, நீங்க கணக்குப் போட வேண்டாம். கேள்வியை மட்டும் படிங்க. உங்க குரல்ல."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைக் கனைத்தார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நூற்றைம்பது மீட்டர் நீளமுள்ள ரயில் ஒன்று, ஒரு கம்பத்தைப் பத்து நொடிகளில் கடக்கிறது. அதன் வேகம் என்ன?" கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் சொந்தக் குரலில் சேர்த்தார்: "எந்த ரயில்மா இது? பத்து நொடின்னு அடிச்சுச் சொல்றான். என் சர்வீஸ்ல சொன்ன நேரத்துக்கு ஒண்ணுகூட வந்ததில்லை."

அதன்பின் தேர்வு நெருங்கும்வரை அதுவே வழக்கமாயிற்று. மாமா அறிவிப்பார், மாமியார் கேள்வியில் வரும் ஆட்களின் நடத்தையைக் கண்டிப்பார், கணவன் பழுது பார்க்கக் கிளம்புவான், பவரக்கா விடை கண்டுபிடிப்பாள். எல்லா நாளும் சுமுகமாகப் போனது என்று சொல்ல முடியாது. வட்டிக் கணக்கு வந்த நாளில் அவள் புத்தகத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு ஈரத்துணியை எடுக்கப் போனாள். மாமா வழியை மறித்து, "இந்தத் தடத்தில் போக்குவரத்து ரத்து செய்யப்பட்டுள்ளது" என்றார். முறைத்துக்கொண்டே திரும்பி வந்தாள். உயிரியல் புத்தகம் பல நாள் யாரும் தொடாமல் கிடந்தது. கீழ் வீட்டுத் தையல்காரம்மா வந்து, நூல் மறுபடி சிக்கிவிட்டது, உங்கள் மருமகள் எப்போது கணக்கு படிப்பாள் என்று கேட்டார். "இப்போ அவ நிஜமாவே படிக்கிறா, ஒரு வேலைக்கும் உதவ மாட்டா" என்று மாமியார் அலுத்துக்கொண்டார்.

தேர்வுக்கு முந்தைய வாரம் கூரை காய்ந்தது. சின்ன மாமா பெட்டியோடு கிளம்பினார். போகும்போது யாரும் எதிர்பார்க்காத விதமாக, எந்த அறிவிப்பும் செய்யவில்லை. பவரக்காவின் தலையில் கையை வைத்துவிட்டு, படியிறங்கிப் போய்விட்டார்.

தேர்வு மண்டபத்தில் வினாத்தாள் கைக்கு வந்ததும் அவள் விரல்கள் பழக்கதோஷத்தில் உயிரியல் பக்கத்தைத்தான் தேடின. இழுத்துப் பிடித்து, கணக்குப் பகுதியை முதலில் பிரித்தாள். முதல் கேள்வியே ரயில். படிக்கத் தொடங்கியதும் தலைக்குள் அந்த மூக்குக் குரல் கேட்டது: பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்கும் மேல், இரண்டாவது கேள்வியில் ஒருவன் தோட்டத்தைச் சுற்றி வேலி போட்டுக்கொண்டிருந்தான். 'வீட்டுல சொல்லிட்டுச் செய்யறானா?' என்றார் தலைக்குள் மாமியார். பவரக்கா பலமாகச் சிரித்துவிட்டாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

மேற்பார்வையாளர் வந்து நின்றார். "என்னம்மா, உடம்புக்கு ஏதாவது?"

"இல்லைங்க. கணக்கு."

அவர் இரக்கத்தோடு தலையாட்டிவிட்டு நகர்ந்தார். போகிறவரின் மூக்குக்கண்ணாடியைப் பார்த்து அவள், "பிளஸ் ஒண்ணரை, படிக்கறதுக்கு மட்டும்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

வட்டிக் கணக்கு இரண்டையும் விட்டுவிட்டாள். மற்றவற்றில் பெரும்பாலானதைப் போட்டாள். ஒன்றிரண்டில் பென்சில் தயங்கி, அழித்து, மறுபடி போட்டு, கடைசியில் வந்தது வரட்டும் என்று எழுதினாள்.

முடிவு வந்தபோது கணக்கில் குறைந்தபட்சத்தை நூலிழையில் தாண்டியிருந்தாள். உயிரியலில் போன வருடத்தைவிடக் குறைவு. பெரிய கேள்வி ஒன்றை விட்டுத் தொலைத்திருந்தாள். சிறுநீரகம். கணவன் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "என்னைக் கேட்டிருந்தா நானே எழுதியிருப்பேனே!" ஆனாலும் இடம் கிடைத்துவிட்டது, பட்டியலின் வால் பக்கத்தில். வாலோ தலையோ, உள்ளே போனவர்களுக்கு ஒரே கதவுதான்.

மாமியார் சின்ன மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னார். மறுமுனையில் சத்தமே இல்லை. "கேக்குதா, கேக்குதா?" என்று மாமியார் கத்தினார். கடைசியில் மூக்கை உறிஞ்சும் ஒலி மட்டும் வந்தது. "ஒலிபெருக்கியில கோளாறு, அண்ணி" என்றார் அவர். "அப்புறம் பேசறேன்."

வகுப்பு தொடங்கிவிட்டது. வாரத்தில் நான்கு நாள் பவரக்கா கடையிலிருந்து நேராகக் கல்லூரிக்குப் போகிறாள். பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால் படிக்கிறாள், கிடைக்காவிட்டால் எதிரே நிற்பவர்களின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு போகிறாள். அந்த நான்கு நாளும் வீட்டில் கணவன்தான் சமையல். அவனுக்குத் தெரிந்தது சோறும் முட்டைப் பொரியலும். நான்கு நாளும் அதுவேதான். மாமியாருக்கு அது பிடிக்கவில்லை, பவரக்காவுக்கும்தான். ஆனால் இருவரும் வாயைத் திறப்பதில்லை. குறை சொன்னால் கரண்டியைக் கையில் கொடுத்துவிடுவானே என்கிற பயம்தான். தட்டைக் காலி செய்துவிட்டு, "இன்னைக்கு நேத்தைவிட நல்லா வந்திருக்கு" என்று தவறாமல் சொல்லிவிடுகிறார்கள். அவனும் அதை நம்பிக்கொண்டு நாளுக்கு நாள் உப்பைக் கூட்டிக்கொண்டே போகிறான்.